மூத்தவள் பெயர் ரெண்டு

சைகோனுக்கும் தெற்கே, எங்கள் டோங் தாப் பக்கத்தில் வீட்டுத் தலைப்பிள்ளைக்கு ரெண்டு என்று பெயர். அதற்கடுத்தது மூணு. ஒன்று என்று யாரையும் கூப்பிட மாட்டோம். பேய் பிசாசு தலைச்சனைத்தான் தேடிக்கொண்டு வருமாம், ஒன்று என்று கூப்பிட்டால் நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். நான் ரெண்டு. லியூ என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும். தம்பி வின், மூணு.

அப்பா வடக்கே ‘நாம் தின்’ என்ற ஊர்க்காரர். பட்டாளத்தோடு தெற்கே வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையிலேயே தங்கிவிட்டார். அவர்கள் பக்கத்தில் மூத்தது பெரியது, இரண்டாவதுதான் ரெண்டு. "எண்ணவே தெரியாத சனம்டா இது" என்று எங்களைக் கேலி செய்வார். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததோடு அந்தக் கேலியும் நின்றுவிட்டது. அவருடைய அக்கா தோவா அத்தை தெற்கே வந்ததே இல்லை. இந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா லுவாவுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல எழுதியவள் நான். அத்தை காலமானபின், அவர் பத்திரப்படுத்தியிருந்த எங்கள் கடிதங்கள் திரும்பி வந்தன. அவருடையவை அம்மாவின் துணிப்பெட்டியில் இருந்தன. சேர்த்து வைத்துப் படித்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

*

செப்டம்பர் 12, 1996

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

லுவா வணங்கி எழுதுவது. இங்கே சோறு தண்ணீருக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குளிர் தொடங்குமுன் இஞ்சி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் வெள்ளம் சீக்கிரமே வந்துவிட்டது. படிக்கட்டு வரை தண்ணீர். வாத்துகளுக்குத்தான் கொண்டாட்டம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் ரெண்டைப் பற்றித்தான். அதன் பள்ளிக்கூடம் டவுனில். மூங்கில் பாலம் தாண்டி, கரைமேலே நடந்து, செங்கல் சூளை வழியாகத் தார் ரோட்டில் ஏற வேண்டும். கூட நடக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மற்றவள் எதிர்வீட்டு சேன், செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். இப்போது தனியாகத்தான் நடக்க வேண்டும். ரோட்டில் மணல் லாரிகள் கண்மண் தெரியாமல் ஓடுகின்றன. சூளை ஆட்களும் நல்ல ஆட்கள் இல்லை. "நடந்தே போயிடுவேன், விடும்மா" என்று ரெண்டு தினமும் சண்டை போடுகிறது. நான் விடவில்லை. சந்தைக்குப் படகு போகும் நாளில் கொண்டுபோய் விடுகிறேன். மற்ற நாளில் வீட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுகிறது.

சும்மா தெரிவிக்கத்தான் எழுதினேன், வேறொன்றுமில்லை. உங்கள் தம்பி படத்துக்கு உங்கள் பெயரிலும் ஒரு ஊதுவத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லுவா

*

அக்டோபர் 20, 1996

லுவாவுக்கு,

தோவா எழுதுவது. நான் இருக்கிறேன். மூட்டுவலி என்னோடுதான் சாகும், அதை விடு.

என் தம்பி பிள்ளை துணைக்கு ஆளில்லை என்று வீட்டில் உட்கார்ந்து அழுவதா? நான் உயிரோடு இருக்கும்போதா? வளர்த்த பன்றியை விற்றுத் தள்ளிவிட்டேன். சைக்கிள் வாங்கியாச்சு. சிவப்பு. பக்கத்து வீட்டு லாமும் அவர்கள் வீட்டில் ரெண்டுதான், உங்கள் வீட்டு ரெண்டுக்கும் அவன் வயதுதான் இருக்கும் என்று அவனை ஏற்றிப் பார்த்தேன். கால் எட்டவில்லை. சீட்டைக் கடைசிவரை இறக்கச் சொன்னேன். "கெழவி, இதுக்கு மேல எறக்கினா ரோட்டுலதான் குந்தணும்" என்கிறான் கடைக்காரன். சொல்லிவிட்டுப் போகட்டும். சின்னப் பையன், விழுந்துகிழுந்து வைத்தால்? எங்கள் தெரு லாரிக்காரர் சைகோன் வரை கொண்டுவருவார். அங்கிருந்து பஸ் கூரையில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். நேற்றுக் கிளம்பிவிட்டது.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருப்பது எனக்கு நிம்மதி. அவளை டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்று தம்பி கடைசியாக எழுதியிருந்தான். அதை மறந்துவிடாதே.

வாய்க்கால் கரையில் பிள்ளைகளைப் பார்த்து நடக்கச் சொல்.

தோவா

*

இந்தக் கடிதத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சின்னப் பையன்" என்ற இடத்தில் வின் குதித்தான். "எனக்கா? எனக்கா?" அம்மா கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, அத்தை மூணுன்னு நெனச்சுட்டாங்க. எழுதிச் சொல்லிடலாம்மா."

"பன்னியை வித்துட்டாங்கடி. இப்பப் போய் இது சின்னது, பெருசு வேணும்னு கேட்டா என்ன நெனப்பாங்க? தம்பி போயிட்டான், பொண்டாட்டி பிடுங்குறான்னு சொல்ல மாட்டாங்க?"

"கேக்க வேணாம். நடந்ததைச் சொல்லலாம்ல?"

"சொல்றதும் கேக்குறதும் ஒண்ணுதான். வரட்டும். சீட்டைத் தூக்கிக்கலாம். எழுது, ரொம்ப சந்தோஷம்னு எழுது."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

*

நவம்பர் 28, 1996

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். வெள்ளம் வடியத் தொடங்கிவிட்டது, வீட்டில் யாருக்கும் நோய்நொடி இல்லை. பன்றியை விற்றிருக்க வேண்டாம். சைக்கிள் இன்னும் வந்து சேரவில்லை. ரெண்டு தினமும் படகுத்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

அங்கே குளிர் அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். காலுக்கு உறை போட்டுக்கொண்டு படுங்கள்.

லுவா

*

ஜனவரி 9, 1997

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடம்பு தேவலையா?

சைக்கிள் வந்துவிட்டது. பஸ் கூரையில் வந்ததில் மணி மட்டும் நசுங்கியிருந்தது, தட்டிச் சரிசெய்துவிட்டோம். அவ்வளவு சிவப்பாக இந்தக் கரையில் எதுவுமே இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ரெண்டு ஏறி உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்தோம். சீட்டைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறோம். மறுநாளே அதில் பள்ளிக்கூடம் போய்விட்டது.

உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

லுவா

*

போனது உண்மைதான். மூங்கில் பாலத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டினேன். அது ஒன்றுதான் சுலபம், அவ்வளவு சின்ன சைக்கிள். சீட்டை முழுக்கத் தூக்கியும் முட்டி கைப்பிடியில் இடித்தது. முட்டியை அகட்டிக்கொண்டு மிதித்தால் வெள்ளைச் சீருடையின் நீள அங்கி சங்கிலியில் போய்ச் சிக்கும். எங்கள் பள்ளியில் பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் அந்த அங்கியைத்தான் போட வேண்டும். அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

சூளைக்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

"டேய், சர்க்கஸ் கரடி வருதுடா! ஓடியா, ஓடியா!"

"கரடிக்குட்டி, வெள்ளைத் துணியெல்லாம் கட்டியிருக்கு! எங்க, இன்னொரு சுத்து சுத்து!"

முதலில் திரும்பிப் பார்க்காமல் போனேன். தினமும் கூட்டம் கூடியது. ஒருத்தன் பின்னால் ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டான். உதறிக்கொண்டு மிதித்தபோது அங்கி சங்கிலியில் மாட்டி நடு ரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த மணல் லாரி என் மேல் ஏறாமல் ஒடித்துத் திரும்பிப் போனது. டிரைவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கிழிந்த அங்கியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். அம்மா சைக்கிளைத் துடைத்துச் சீட்டைக் கீழே இறக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*

பிப்ரவரி 2, 1997

லுவாவுக்கு,

தேத் புத்தாண்டு வந்துவிட்டது. எல்லோருக்கும் என் வாழ்த்து. இங்கே பச்சையிலையில் சதுரமாக அரிசிப் பலகாரம் கட்டிவிட்டேன். உங்கள் ஊரில் அதையும் நீளமாக உருட்டுவீர்களாம், தம்பி சொல்லுவான். எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறீர்கள்?

ரெண்டு விழாமல் ஓட்டுகிறானா? முட்டியில் காயமிருந்தால் பச்சிலை வைத்துக் கட்டு. இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் தம்பி மகன் என் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறான் என்று. லாம் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல்.

பெரியவள் ஏன் எனக்கு ஒரு வரி எழுதுவதில்லை? உன் கடிதங்களை எழுதித் தருவது யார்? கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாரா? அவளை அவரிடம் கையெழுத்துப் பழகச் சொல்.

பிள்ளைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்.

தோவா

*

மார்ச் 15, 1997

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் ஆசீர்வாதத்தில் தேத் நன்றாகக் கழிந்தது. உங்கள் மூட்டுவலிக்குச் சேன் வீட்டில் கொடுத்த மலைப்பாம்புக் கொழுப்பு தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

சைக்கிள் தினமும் ஓடுகிறது. ஒரு கீறல் இல்லை. ரெண்டு எனக்கு வீட்டில் ரொம்ப உதவியாக இருக்கிறது. பெரியவள் எழுத வெட்கப்படுகிறாள். அவளுக்கு உங்கள் மேல் ரொம்ப மரியாதை.

வேறு விசேஷமில்லை. வெயில் ஏறிவிட்டது.

லுவா

*

ஆகஸ்ட் 18, 1997

லுவாவுக்கு,

கோடை முழுக்கக் கடிதமே இல்லை. என் மேல் கோபமா? உங்கள் ஊர்ப் பலகாரத்தைச் சொன்னதற்கா? கிழவி வாய், அது அப்படித்தான். பாம்புக் கொழுப்பு வந்து சேர்ந்தது, நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது.

மறுபடி வெள்ளம் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏதும் ஆகவில்லையே? எழுதித் தரும் வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டாரா? அப்படியானால் பெரியவளை எழுதச் சொல். அவளுக்கென்ன வெட்கம், நான் அத்தைதானே.

ராத்திரி தம்பி கனவில் வருகிறான். ஒன்றும் பேசுவதில்லை. உடனே பதில் போடு.

தோவா

*

அக்டோபர் 5, 1997

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நான் வின் எழுதுகிறேன். அம்மா சொல்கிறாள், நான் எழுதுகிறேன். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். வெள்ளம் இந்த வருஷம் கொஞ்சம்தான். அம்மா உங்கள் மேல் கோபமாக இல்லை. எழுத ஆளில்லாமல் கடிதம் போட முடியவில்லை. நான் இப்போதுதான் வேகமாக எழுதக் கற்றுக்கொண்டேன்.

அம்மா வாத்துகளை ஓட்டிவரப் போய்விட்டாள். இனிமேல் நானே எழுதுகிறேன். அத்தை, நீங்கள் என்னை ரெண்டு என்று எழுதுகிறீர்கள். நான் மூணு. ரெண்டு எங்கள் அக்கா. இங்கே மூத்த பிள்ளையைத்தான் ரெண்டு என்று சொல்வார்கள், ஒன்று கிடையாது. கடிதம் எழுதினது வாத்தியார் இல்லை, அக்காதான். அக்கா ஜூன் மாதம் சேன் அக்காவோடு செருப்புக் கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது அழவில்லை. அம்மாதான் அழுதாள்.

உங்கள் சைக்கிளில் அக்காவுக்கு முட்டி இடித்தது, அங்கி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. சூளையில் கரடி கரடி என்று கத்தினார்கள். அதனால் அம்மா நிறுத்திவிட்டாள். என் பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான், சைக்கிள் வேண்டாம், ஆனாலும் ஓட்டுகிறேன். ரொம்ப நல்ல சைக்கிள். இப்போது நானும் வளர்ந்துவிட்டேன், எனக்கும் இடிக்கிறது.

அக்கா விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். அம்மா வருகிறாள். வணக்கம்.

வின் (மூணு)

*

நவம்பர் 11, 1997

என் கண்ணு லியூவுக்கு,

உன் அத்தை தோவா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாயா என்று எந்த முகத்தோடு கேட்பது? சாப்பிடுகிறாயா? அங்கே படுக்க இடம் இருக்கிறதா?

என் கண் மங்கிக்கொண்டு வருகிறது, வின் கடிதத்தை லாமின் அம்மாதான் படித்துக் காட்டினாள். "ரெண்டு எங்கள் அக்கா" என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னேன். திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அப்புறம் உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படிக்கச் சொன்னேன். எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. நான்தான் அறிவுகெட்டவள். புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதது நீ. படகுத்துறையில் போய்க் காத்திருந்தது நீ. கடைக்காரனோடு சண்டைபோட்டுச் சீட்டை இறக்கச் சொன்னவள் நான்.

உன் அம்மா மேலும் கோபம் கோபமாக வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன புலியா? ஆனால் நான் எழுதினதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒரு கேள்வி ஒழுங்காகக் கேட்டேனா? எல்லாவற்றுக்கும் நானே பதில் வைத்திருந்தேன்.

இப்போது கேட்கிறேன். நீ எவ்வளவு உயரம்? கால் நீளமா? பெரிய சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சங்கிலிக்கு மூடி போட்டது, அங்கி மாட்டாது. நானே ஏறிப் பார்த்து விழுந்தேன், பரவாயில்லை. உன் உயரத்தை மட்டும் எழுது, மறுநாளே ஏற்றிவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ. உன் அப்பன் உன்னை டீச்சராகப் பார்க்க ஆசைப்பட்டான். கனவில் வந்து ஏன் பேசாமல் நின்றான் என்று இப்போது தெரிகிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். பதில் மட்டும் எழுது.

உன் அத்தை

*

ஜனவரி 18, 1998

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். பசை நாற்றத்தில் முதலில் தலை வலித்தது, இப்போது பழகிவிட்டது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா சொல்லாமல் நானே கேட்கிறேன்.

நீங்கள் அறிவுகெட்டவர் இல்லை. கடிதத்தை எழுதியது நான்தானே. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஓரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? பேனா என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். நீங்கள் பன்றியை விற்றது கண்முன் வரும், மடித்து ஒட்டிவிடுவேன். அம்மாவைத் திட்டாதீர்கள்.

சைக்கிள் அனுப்ப வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என் இடம் போய்விட்டது, கேட்டுப் பார்த்தேன். நான் திரும்பிப் போனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப ஆளில்லை. பெரிய சைக்கிளை வாங்கி வையுங்கள். அடுத்த வருஷம் வின்னுக்கும் தூரப் பள்ளிக்கூடம்தான். அவனை அம்மா தனியாக விடுவாள், பையன் இல்லையா. அவனை யாரும் கரடி என்று கூப்பிட மாட்டார்கள். அனுப்பும்போது அட்டையில் மூணு என்று எழுதிவிடுங்கள், குழப்பம் வராது.

நான் அறையிலிருந்து கம்பெனிக்கு நடந்துதான் போகிறேன். தூரம் ஊரில் இருந்த மாதிரியேதான், ரோட்டில் லாரிகளும் அதேதான். ஆனால் இங்கே பயமில்லை, துணைக்குப் பஞ்சமே இல்லை. விடிந்ததும் சந்து சந்தாகப் பெண்கள் வந்து சேருவார்கள். ரோடு கொள்ளாமல் நடப்போம். டோங் தாப், ஆன் ஜியாங், பென் சே என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. நேற்று கேட்டுக்குள் நுழையும்போது சேன் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள், "ரெண்டு! ஏய், ரெண்டு!" என்று. தன்னைத்தான் என்று வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அத்தை.

தேத்துக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. எனக்கும் சேர்த்து அப்பாவுக்கு ஊதுவத்தி வையுங்கள். குளிரில் வெளியே நிற்காதீர்கள்.

உங்கள் மருமகள்,
லியூ
(பெரியவள்)